போர்வை நுனியைப் பிடித்தவனுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதை ஷபானா நேற்று மதியம் நம் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் உனக்கும் அவளுக்கும் நிக்காஹ். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, இரண்டு ஜமாஅத்துக்கும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் நீ அவளிடம், "பெத்த அம்மா சாகும்போது கேட்ட கையையே குடுக்காதவன் நான். உனக்கு என்னத்தக் குடுத்துடப் போறேன்? நிறுத்திடலாம்" என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு கேளம்பாக்கத்தில் உன் பத்தாவது மாடி வீட்டில் போனை அணைத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாயாம். உன் வாயில் வந்த அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை, என்னுடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால், உன் அம்மாவை அடக்கிய மூன்றாம் நாள், சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் நான் உன் தலையில் கட்டியது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காகிதத்தில் எழுதி ஷபானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படம் பிடித்து நம் குடும்ப குரூப்பிலும் போடப்போகிறேன். அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன், இதையும் எல்லாரும் படிக்கட்டும்.

இளகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அது எனக்கு வராது, வந்தாலும் நீ நம்பமாட்டாய். பல்லாவரத்துப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் தரம் பிரித்த கை இது. வடக்குப் பார்த்த ஜன்னலோரம் என் மேஜை. பதனிட்ட ஆட்டுத் தோலை விரித்து கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் போதும், உயிரோடு இருந்தபோது அந்த ஆட்டை உண்ணி கடித்த இடம், முள் கிழித்து ஆறிய கோடு, கண்ணுக்கே தெரியாத அம்மைத் தழும்பு, எல்லாம் விரலுக்கு வந்துவிடும். வாங்க வந்த வெளிநாட்டுக்காரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்காததை நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருக்கிறேன். "பாய் கை வச்சா தப்பாது" என்பார்கள். என்னை யாரும் தட்டிக் கூப்பிடக்கூடாது, நான் வேலை செய்யும் மேஜையில் தூசி இருக்கக்கூடாது, என் விரலுக்கு ஒத்துவராது என்று தேநீர் டம்ளரைக்கூட எனக்குத் தனியாக வைத்திருந்தார்கள். அதெல்லாம் மரியாதை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு நீ வந்து பிறந்தாய். சட்டையின் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் சின்னத் துணி குத்துகிறது என்று பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்போது அழுவாய். காலுறையின் தையல் விரல்மேல் ஏறிவிட்டது என்று ஷூவைக் கழற்றி வாசலில் உட்கார்ந்துகொள்வாய். முடிவெட்டும் கடையில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். சாதத்தில் குழம்பு ஓர் இடத்தில் மட்டும்தான் படவேண்டும். மாமாமார்கள் கன்னத்தைக் கிள்ளினால் கிள்ளிய இடத்தைத் தோள்பட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பாய், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வந்தவர்கள் சிரிப்பார்கள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதற்கு நான் வைத்த பெயர் கொழுப்பு. உன் அம்மா கொடுத்த செல்லம் என்றேன். கொழுப்பை இறக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. எது பிடிக்கவில்லையோ அதையே செய்ய வைப்பது. கம்பளி குத்துகிறது என்றாயா, அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கவேண்டும். குழம்பு கலந்துவிட்டதா, கலந்ததைத்தான் தின்னவேண்டும். அடித்ததைவிட இது அதிகம் வேலை செய்தது. வேலை செய்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

உனக்கு ஒன்பது வயதில் வந்த பெருநாளை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். கழுத்தில் ஜரிகை வைத்த விறைப்பான ஜிப்பா உனக்கு எடுத்திருந்தேன். நான் தேர்ந்தெடுத்தது. தொழுகை முடிந்து திடலில் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷாப் முதலாளி உன்னைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு குனிந்தார். நீ அவர் கைக்கு அடியில் புகுந்து எனக்குப் பின்னால் ஓடிவந்தாய். என்னோடு வேலை பார்த்தவர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே, "இன்னா பாய், உன் புள்ளைக்கு நாங்கள்லாம் ஆகாதா? அத்தர்தானே பூசிகினு வந்துகீறேன்" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் இரண்டு கையையும் பின்னால் மடக்கிப் பிடித்தேன். "வாங்க, எல்லாரும் வாங்க, ஒருத்தர் விடாம கட்டிப்புடிங்க" என்றேன். முதலாளி தயங்கினார், நான் விடவில்லை. இருபது பேருக்கு மேல் இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொருத்தர் தாடியும் ஒவ்வொருத்தர் அத்தரும் உன் முகத்தில் உரசிக்கொண்டு போனது. நீ அழவில்லை. அழுதால் விட்டிருப்பேனா என்றால், மாட்டேன். கடைசியில் வந்தவர் மேலேயும் ஜிப்பா மேலேயும் வாந்தி எடுத்தாய். அதற்காக ஓர் அறை விட்டேன். திரும்பிப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில், ஆண்பிள்ளை ஆகிவிட்டாய் என்று உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் உன் அம்மா அந்த ஜிப்பாவைக் கழற்றினாள். கழுத்தைச் சுற்றி ஜரிகை போன இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அவள் சண்டை போடுகிறவள் இல்லை. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பாராமல் கேட்டாள்: "எங்கியோ செத்த ஆட்டுக்கு உண்ணி கடிச்சது உங்க வெரலுக்குத் தெரியுது. பெத்த புள்ளையோட கழுத்து தெரியலையா?" நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொம்பளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு எடுத்த புதுத்துணி ஒவ்வொன்றையும் அவள் நான் ஷாப்புக்குப் போன பிறகு ஊறவைத்து, துவைத்து, காயவைத்து, மறுபடி துவைத்து, புதுசு என்ற வாடையே இல்லாமல் பண்ணித்தான் உனக்குக் கொடுத்தாள். பெருநாளுக்குப் பழசைப் போட்டுக்கொண்டு வந்தவன் போல நீ நிற்பாய், நான் அவளைத் திட்டுவேன். கழுத்துத் துணிகளைத் தையல் பிரித்து எடுத்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன மாதம்தான் பீரோவில் பார்த்தேன். உன் பள்ளிக்கூட அளவிலிருந்து நீ வேலைக்குப் போன அளவு வரை இருக்கிறது. எடுத்த துணியை ஏன் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் காட்டுவதற்காக இருக்கலாம். நான் அவளைக் கேட்கிறவனாக இருந்ததில்லை.

நீ வளர்ந்தாய். நன்றாகப் படித்தாய். உன்னைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாத்தியார்கள் அமைதியான பையன் என்றார்கள். சொந்தக்காரர்கள் திமிர் பிடித்தவன் என்றார்கள். உன் ஆபீசில் வேலை நன்றாகச் செய்வான், ஆளோடு ஒட்டமாட்டான் என்கிறார்களாம். நான் கல்நெஞ்சன் என்றேன். யாருமே உன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை, எல்லாரும் உன் குணத்துக்குத் தீர்ப்பு எழுதினோம். பெண் பார்க்கப் போன இடங்களில் நானே, "பையன் கொஞ்சம் ஒரு மாதிரி, யாரையும் மதிக்கமாட்டான், பாத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு இடம் அதனால்தான் தட்டிப்போனது. அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

ஷபானாவை நீயாகக் கண்டுபிடித்தாய். அந்த மட்டும் உனக்குப் புத்தி இருந்தது. மற்றப் பிள்ளைகளைப் போல் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள் நாலைந்து பக்கம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கேள்வி கேள்வியாக இருந்தது. நீ ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்திருந்தாயாம். "மாமா, இது வியாதிக்குப் பாக்குறது இல்ல. பெரியவங்க யார் வேணா எழுதலாம். சில பேருக்கு வெளிய நடக்குறதெல்லாம் ரொம்ப உள்ள வரும். சில பேருக்கு இடிச்சாதான் தெரியும். சில பேர் சத்தம், கூட்டம்னு தேடிப் போவாங்க, சில பேர் ஒதுங்கிப்பாங்க. பாக்குறவங்க அதையே இவர் தைரியசாலி, இவர் சிடுமூஞ்சி, இவர் கூச்சம்னு சொல்லிடுவாங்க. நீங்களும் எழுதுங்களேன்" என்றாள். எனக்கென்ன பேஜாரு என்றுதான் பேனாவை எடுத்தேன். கூப்பிட்டால் முதல் தடவையே காதில் விழுமா? இல்லை. தோல்ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றும் உருளை ஓடும் சத்தத்தில் அடுத்தவன் காதைப் பொத்துவான், நான் அசையமாட்டேன். நாற்றம் தெரியுமா? தெரியாது. அதனால்தான் என்னைப் பெரிய பொறுமைசாலி என்றார்கள். பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை, என் காதுக்கும் மூக்குக்கும் வந்து சேரவே இல்லை. நீ காய்ச்சலில் முனகினபோதும் அப்படித்தான் வந்து சேரவில்லை. அதை நெஞ்சுரம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் தொடுதல் பற்றிக் கேட்டிருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புதுத்துணி உடுத்தினால் நாள் முழுக்க அதன் நினைப்பாகவே இருக்குமா? சில துணிகளை உடுத்தவே மாட்டீர்களா? தெரியாமல் யாராவது உரசினால் எரிச்சல் வருமா? எனக்கு முப்பது வருஷமாக ஒரே நெசவில்தான் கைலி. பனியனின் அக்குள் தையலைப் பிரித்துவிட்டுத்தான் போடுவேன். சோறு குழைந்து விரலில் ஒட்டினால் தட்டைத் தள்ளிவிடுவேன், இரண்டு தடவை வீசியே எறிந்திருக்கிறேன். உன் அம்மா கைக்கு எண்ணெய் தடவியிருந்தால் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கமாட்டேன், கீழே வைக்கச் சொல்வேன். வீடு முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடியது. "அத்தாவுக்குப் புடிக்காது" என்று நீயே உன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாய். ஷபானா தாளை வாங்கிப் பார்த்தாள், உன்னுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தொடுதலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. எனக்கு இருந்தால் அது விருப்பம், உனக்கு இருந்தால் அது கொழுப்பு. எனக்கு அதற்காகத் தனி டம்ளர் கொடுத்தார்கள். உனக்கு நான் கையை மடக்கிப் பிடித்தேன்.

இதைப் படித்துவிட்டு நீ உன்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நேற்று ஷபானா வந்தபோது அவள் கையில் வளையல் இல்லை. கேட்டேன். "சத்தம் அவருக்குக் கஷ்டம் மாமா" என்றாள். பவுடர் போடுவதையும் விட்டுவிட்டாளாம், சிரிக்கும்போது கைதட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டாளாம். நீ அவளிடம் கேட்டாயா, முகத்தைச் சுளித்தாயா? சுளித்திருப்பாய். நானும் வாயைத் திறந்து கேட்டவன் இல்லை, சுளிப்பேன், வீடு அடங்கிவிடும். உனக்கு வலிக்கிறது என்பது உண்மை. வலிக்கிறவன் சொல்வதெல்லாம் சட்டம் ஆகிவிடாது. நீ உன் காதைப் பொத்திக்கொள், வேறு அறைக்குப் போ, பத்து நிமிஷம் கழித்து வருகிறேன் என்று வாயால் சொல். அவள் கையைக் காலியாக்காதே. இதைச் செய்யாவிட்டால் முப்பது வருஷம் கழித்து நீயும் உன் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும், என்னைவிட நன்றாக எழுதுவாய், அவ்வளவுதான்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். தாம்பரத்தில் உன் அம்மாவைச் சேர்த்திருந்த அந்தக் கடைசி நாள் மத்தியானம், அவள் கை வீங்கிப்போய், ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரியும் மருந்துமாகப் பிசுபிசுவென்று குளிர்ந்து கிடந்தது. நான் தலைமாட்டில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கால்மாட்டில், அவள் போர்வையின் நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாய். என் தங்கை, உன் குப்பி, "டேய், அம்மா கையப் புடிடா, புடிச்சிக்கோடா" என்று உன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நீ எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாய். உன் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வெறுத்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொடுக்க, நீ கீழே மருந்துக்கடைக்குப் போனாய். குப்பி தொழப் போனாள். நீ திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள், கூடம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, நீ யாரோடும் கைகொடுக்காமல் சுவரோரம் நிற்பதைப் பார்த்து நான் சத்தமாகச் சொன்னேன்: "அவ கடைசியா உன் கையத்தான் கேட்டா. என் புள்ள கையக் குடுங்க, குடுங்கன்னு கேட்டுகிட்டே போனா. நீ குடுக்கல." நீ நின்ற இடத்திலேயே வெளுத்துப்போனாய். அன்று சாயங்காலம் கேளம்பாக்கம் போனவன் அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு நாளும் தங்கவில்லை.

அவள் உன் கையைக் கேட்கவில்லை. பொய் சொன்னேன். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை: "அவன யாரும் இழுக்காதீங்க. போர்வையப் புடிச்சிருந்தான்ல, அது எனக்குத் தெரிஞ்சுது. சின்னப் புள்ளையில முந்தானையப் புடிச்சிக்கிற மாதிரியே புடிச்சிருந்தான். எனக்கு அது போதும்." நீ அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டாய், அவளும் வாங்கிக்கொண்டாள். ஷபானாவுக்கும் அப்படியே கொடு, அவளுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியும். நேற்று இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். எப்போது வந்தாலும் என் கையைத் தொட்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிற பெண், நேற்று சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஹஜ்ரத்திடம் பேசியிருக்கிறேன். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையை யாரும் கட்டித் தழுவ வேண்டாம், நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னால் போதும் என்று மைக்கில் அறிவித்துவிடுவார். உன் பெருநாள் ஜிப்பா மாதிரி எதையும் நான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஷபானா அங்கே இருப்பாள். நீ போ. நான் வரவேண்டுமா என்பதை நீ சொல், சொல்லாவிட்டால் வீட்டிலேயே இருப்பேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று நீ கேட்பாய். அவள் பேசியது அதோடு நிற்கவில்லை. உன்னைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல்லை யாரிடமும் சொல்லாமல், உன்மேல் பழியைப் போட்டு மறைத்து இத்தனை நாள் வைத்திருந்தேன். "உங்க கைய எடுங்க, வலிக்குது" என்றாள். கை வைத்தால் தப்பாதவன் நான். அவள் மூச்சு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.